கீழே அமுக்கினால் எரியும்

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்குப் பிறந்ததில் இருந்தே கண் தெரியாது. முப்பத்தொரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச்தான். அவர் வீட்டில் சுவிட்ச் மாற்றின கதையை இங்கே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். தையல்காரர் சொல்வது ஒன்று, கம்பவுண்டர் சொல்வது வேறொன்று. ரெண்டு பேருமே அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இல்லை. நான் இருந்தேன். அதனால் நான் சொல்வதுதான் சரி.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. நமக்கு எதுக்கு வீணாக என்று விளக்கைப் போடாமலே உட்கார்ந்து வேலை பார்ப்பாராம். புதுசாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி தெரியாமல் கதவைத் திறந்திருக்கிறாள். கும்மிருட்டுக்குள் இருந்து "வணக்கம், ஆஸ்பத்திரி" என்று கணீரென்று குரல் வந்ததும் கையில் இருந்த ட்ரேயைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டாள். மறுநாளில் இருந்து அந்த அறையில் விளக்கு எரிய வேண்டும் என்று உத்தரவு. "எனக்காக இல்ல அண்ணி, அந்த ட்ரேக்காக" என்பார்.

எந்த டாக்டர் எந்த நேரத்தில் எந்த வார்டில் இருப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. ஹலோ சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். இது வாய்ப்பேச்சு இல்லை, நானே அனுபவித்தவள். என் வீட்டுக்காரர் குளியலறையில் விழுந்து கிடந்த அன்றைக்கு நான்தான் போன் பண்ணினேன். எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. எந்தப் பொத்தானுக்கு அப்புறம் எந்தப் பொத்தான் என்று விரலுக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் எடுத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அழுகையும் வரவில்லை. "அண்ணி, வண்டி அனுப்பிட்டேன். வாசக்கதவைத் திறந்து வைங்க" என்றார் எக்ஸ்சேஞ்ச். அப்படிப்பட்ட ஆள்.

அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவருடைய அக்கா சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்து, ஒரு பெண் குழந்தையோடு இவரிடம் வந்து சேர்ந்தாள். மாமனுக்கு மாமனாகவும் அப்பனுக்கு அப்பனாகவும் இருந்து அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தார். அவள் இப்போது எங்கேயோ தூரத்தில், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. அக்கா போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அதில் இருந்து அந்த வீட்டில் அவர் ஒண்டி. சமையல், கூட்டுதல், துவைத்தல் எல்லாம் அவரேதான். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னால், "பொருளை இடம் மாத்தி வச்சுட்டுப் போயிடுவாங்க அண்ணி, அப்புறம் என் வீட்டுலயே நான் வழி கேக்கணும்" என்பார்.

அக்காக்காரி இருந்தவரை சாயங்காலம் ஆறு அடித்தால் முன்ரூம் விளக்கைப் போட்டுவிடுவாள். "இருட்டா கிடந்தா எவன்டா வருவான்?" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே போடுவாள். அந்த வெளிச்சம் தெரிந்ததும் கம்பவுண்டர் வருவார், தையல்காரர் வருவார், நான் போவேன். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். யார் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, யார் மகன் யாரோடு பேசுவதில்லை, இப்படித்தான். அக்கா போன பிறகும் அவர் அந்த வழக்கத்தை விடவில்லை. ரேடியோவில் ஆறு மணி சொன்னதும் விளக்கைப் போட்டுவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நாங்களும் போய்க்கொண்டுதான் இருந்தோம்.

அப்புறம் திடீரென்று ஒரு நாள் சாயங்காலம் வீடு இருட்டாக இருந்தது. மறுநாளும் இருட்டு. அக்கா நினைப்பு வந்து படுத்துவிட்டார் போல என்று நினைத்தேன். ஆனால் நான் படுக்கப் போகிற நேரத்துக்கு ஜன்னலைச் சாத்தினால் எதிரே பளிச்சென்று விளக்கு எரிகிறது. தூங்குகிற மனுஷனுக்கு அந்நேரத்தில் எதுக்கு விளக்கு? "கண்ணு தெரியாதவருக்குப் பகல் என்ன, ராத்திரி என்ன. முறை மாறிப்போச்சு. சாயங்காலம் தூங்குறாரு, நாம போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று கம்பவுண்டர் விளக்கம் சொன்னார். மருந்து கட்டிக் கொடுத்த கை ஆயிற்றே, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும்.

காலையில் பால் வாங்க வாசலுக்கு வரும்போது பார்ப்பேன். "சாப்டாச்சா தம்பி?" "ஆச்சு அண்ணி." அத்தோடு சரி. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஏன் இருட்டில் கிடக்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை.

இப்படியே ரெண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் ஆறேகால் மணி வாக்கில் பார்க்கிறேன், முன்ரூமில் விளக்கு எரிகிறது. எனக்கு என்னவோ போல சந்தோஷமாகிவிட்டது. அவருடைய சட்டை ஒன்று பட்டன் தைக்க என்னிடம் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். கேட்டில் கை வைத்தேன். டப்பென்று விளக்கு அணைந்துவிட்டது.

என் செருப்புச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அணைத்தார். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. திரும்பி வந்துவிட்டேன். சட்டையை மறுநாள் கம்பவுண்டரிடம் கொடுத்தனுப்பினேன். கொடுத்தனுப்பினதோடு நிறுத்தியிருக்கலாம். நடந்ததையும் சொன்னேன். கம்பவுண்டர் அதைத் தையல்காரரிடம் சொன்னார். "ஆள் வர்றது தெரிஞ்சா விளக்கை அணைக்கிறாராம்" என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கப்புறம் ஒருத்தரும் போகவில்லை. எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அவராகக் கூப்பிடாமல் அந்த வாசல்படி மிதிப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

அப்படி ஆறு மாதம் போனது. அவருடைய அக்கா மகள் எனக்குப் போன் பண்ணினாள்.

"பெரியம்மா, மாமா வீட்டுல லைட்டெல்லாம் ஆட்டோமேஷன் பண்றேன். இங்க இருந்தே என் ஃபோன்ல போடலாம், அணைக்கலாம், எது எரியுதுன்னு பாக்கலாம். நாளைக்கு வயரிங்காரர் சுவிட்ச் சாம்பிள் கொண்டு வராரு. மாமா செலக்ட் பண்ணணும். நீங்க கொஞ்சம் கூட இருங்களேன்."

"அவர் வீட்டுக்கு அவர் செலக்ட் பண்ணட்டும். நான் எதுக்கும்மா?"

"கலர் பாக்கணும் பெரியம்மா."

"கலரை அவரையே..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சரி, கூப்பிட்டது அவர் இல்லை, அவர் ரத்தம்தானே, அதுவும் கூப்பிட்ட கணக்குத்தான் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டு போனேன்.

காலையில் பதினோரு மணி. ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடிக்கிறது, முன்ரூமில் விளக்கும் எரிகிறது. வயரிங்காரர் சோதித்துப் பார்க்கப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். ஆள் நல்ல பருமன். மேஜை மேல் சுவிட்சுகளைக் கடை பரப்பியிருந்தார். எக்ஸ்சேஞ்ச் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் பண்ணி, இஸ்திரிச் சட்டை போட்டிருந்தார். இளைத்திருந்தார்.

"உக்காருங்க அண்ணி" என்றார், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவளைப் போல.

வயரிங்காரர் முதலில் ஒரு கண்ணாடிப் பலகையை அவர் கையில் கொடுத்தார். "இதுதான் சார் இப்போ எல்லாரும் போடுறது. டச். உங்க மருமக இதைத்தான் ஆசைப்பட்டாங்க." எக்ஸ்சேஞ்ச் உள்ளங்கையால் அதைத் தடவினார். அது பீப் பீப் பீப் என்று கத்தியது.

"வழவழன்னு இருக்கு. சுவிட்ச் எங்க இருக்கு?"

"மொத்தமும் சுவிட்ச்தான் சார். லேசா விரல் பட்டாப் போதும்."

"தேடினாலே போட்டுடுமா?"

"ஆமா சார்."

"அப்போ நான் ஒரு விளக்கைத் தேடுறதுக்குள்ள வீட்டையே டிஸ்கோ ஆக்கிடுவேன்."

"அதான் அம்மா இருக்காங்களே. பாருங்கம்மா, எது எந்த ரூம்னு எழுதியே இருக்கு" என்று என் பக்கம் திருப்பினார் வயரிங்காரர்.

நான் பேசாமல் இருந்தேன். எக்ஸ்சேஞ்ச்தான் சொன்னார்: "அவங்களுக்குக் கண்ணு இருக்கு, எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், கண்ணு கிடையாது. நாங்க ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு. நீங்க அடுத்ததை எடுங்க."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

அடுத்தது அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வருகிற பொத்தான். வயரிங்காரர் அதை ஒரு சின்ன பல்போடு சேர்த்துக் காட்டினார். எக்ஸ்சேஞ்ச் அமுக்கினார். டிக்.

"இப்போ எரியுதா?"

"எரியுது சார்."

மறுபடி டிக். "இப்போ?"

"அணைஞ்சிருச்சு."

"ரெண்டுக்கும் ஒரே சத்தம். கையை எடுத்தா பழைய இடத்துக்கே வந்து நிக்குது. எரியுதா இல்லையான்னு இதுகிட்ட எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"நிமிந்து பாத்தா..." என்று வயரிங்காரர் இழுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். தொண்டையைக் கனைத்துவிட்டு ஒரு உருண்டை டப்பாவை எடுத்தார். "இதைக் கேட்டா சொல்லும் சார்." அவர் கேட்க, டப்பாவுக்குள் இருந்து ஒரு பெண் குரல், முன் அறை விளக்கு எரிகிறது என்று சொன்னது.

எக்ஸ்சேஞ்ச் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்ல குரல். ஆனா மூச்சே விடல. ஆஸ்பத்திரியில இப்படிப் பேசினா நோயாளிக்குக் காய்ச்சல் ஏறிடும்." அப்புறம் சொன்னார்: "வேண்டாங்க. பொறந்ததுல இருந்து எல்லாத்தையும் இன்னொருத்தர்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிறேன். விளக்கு எரியுதான்னாவது என் விரலுக்குத் தெரியட்டும்."

கடைசியாகத்தான் நம் வீடுகளில் இருக்கிற மாதிரி சாதாரண சுவிட்ச். கீழே அமுக்கினால் கீழேயே நிற்கும், மேலே அமுக்கினால் மேலேயே நிற்கும். அதைக் கையில் வாங்கியதும் அவர் முகம் தெளிந்தது. நாலு தடவை போட்டு அணைத்தார்.

"ஆனா ஒண்ணு சார்" என்றார் வயரிங்காரர். "உங்க மருமக அங்க இருந்து ஃபோன்ல அணைச்சா, சுவிட்ச் கீழேயே இருக்கும், லைட்டு மட்டும் அணைஞ்சிருக்கும்."

"அப்போ சுவிட்ச் பொய் சொல்லும்."

"லேசா."

"லேசான பொய்யா?"

வயரிங்காரருக்கு வெறுத்துப்போய்விட்டது. "சார், தப்பா நினைக்காதீங்க. லைட்டு எரிஞ்சா உங்களுக்கு என்ன, எரியாட்டி உங்களுக்கு என்ன?"

எனக்கு ஆத்திரம் வந்தது. எக்ஸ்சேஞ்ச் கையைக் காட்டி என்னை அமர்த்தினார்.

"எனக்கு இல்லீங்க. வர்றவங்களுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த ரூம் விளக்கைப் போடுறேன், பத்து மணிக்கு அணைக்கிறேன். எங்க அக்கா போனதுல இருந்து ஒரு நாள் தவறினது இல்ல. ஆளுங்க வராங்களா இல்லையாங்கிறது அவங்க இஷ்டம். விளக்கு எரிஞ்சுதாங்கிறது எனக்குத் தெரியணும்."

நான் உள்ளுக்குள் நொந்துகொண்டேன். என் எதிரிலேயே இப்படிப் பொய் சொல்கிறாரே என்று. "தினமும் ஆறு மணிக்குப் போடுறீங்களா தம்பி?" என்று கேட்டேன். என் குரலில் குத்தல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"தினமும் அண்ணி. கதவுப் பக்கம் முதல் சுவிட்ச். கீழே அமுக்கினா எரியும். இப்போ மேலே இருக்கும் பாருங்க, அணைஞ்சிருக்கு."

வயரிங்காரர் சுவிட்சைப் பார்த்தார். மேலேதான் இருந்தது. அப்புறம் விளக்கைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சார், லைட்டு எரிஞ்சுக்கிட்டிருக்கு."

"நீங்க போட்டீங்களா?"

"நான் தொடவே இல்ல."

"நான் உள்ள வரும்போதே எரிஞ்சுது" என்றேன்.

வயரிங்காரர் எழுந்து போய்க் கீழே அமுக்கினார். விளக்கு அணைந்தது. மேலே அமுக்கினார். எரிந்தது. பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தலைகீழா மாட்டியிருக்காங்க சார்" என்றார், ரொம்ப மெதுவாக. நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தச் சுவிட்ச் தலைகீழாக வைத்தாலும் அச்சு அசலாக அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. கண் உள்ளவர்களுக்குக்கூட வித்தியாசம் தெரியாது.

எக்ஸ்சேஞ்ச் கையில் இருந்த சாம்பிள் சுவிட்சை மேஜையைத் தடவிப் பார்த்து வைத்தார். "பழசு கருகிப்போய் ரிப்பேருக்கு ஆள் வந்தாரு. ட்யூப்லைட்டும் போச்சுன்னு புது விளக்கு மாட்டினாரு. பழைய ட்யூப்பு எரியும்போது முனகும், காதுலயே தெரிஞ்சுடும். புதுசு ஊமை." விரல் விட்டு எண்ணினார். "எட்டு மாசம்."

எட்டு மாதத்தில் அந்த வீட்டுக்குள் கண் உள்ள ஒருத்தர்கூட நுழையவில்லை. சிலிண்டர் போடுகிறவர் வாசலோடு வைத்துவிட்டுப் போய்விடுவார்; சட்டை கொண்டுபோன கம்பவுண்டரும் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினவர்தான். நுழைந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"அண்ணி, ஆறு மணிக்கு எங்க வீடு எப்படி இருக்கும்?"

"இருட்டா இருக்கும் தம்பி."

"பத்து மணிக்கு மேல?"

"எரியும்."

வயரிங்காரர், "நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நல்ல மனுஷன்.

எக்ஸ்சேஞ்ச் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். "ஒரு நாள் உங்க செருப்புச் சத்தம் வாசல் கேட் வரைக்கும் வந்துச்சு. அன்னைக்குக் குளிச்சிட்டு வர எனக்கு நேரமாயிடுச்சு. அய்யோ, அண்ணி வராங்க, இன்னும் விளக்குப் போடலையேன்னு ஓடி வந்து போட்டேன். கதவுல முழங்கால்கூட இடிச்சுக்கிட்டேன். போட்டதும் செருப்பு திரும்பிப் போச்சு. விளக்கைப் பாத்தா வரணும்தானே, எதுக்குத் திரும்புறாங்கன்னு ஒரு வாரம் யோசிச்சேன். அப்புறம், நீங்க எல்லாரும் அக்காவைப் பாக்கத்தான் வந்திருக்கீங்க, அக்கா இல்லாத வீட்டுக்கு எத்தனை நாள் வருவீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

எனக்காக ஓடி வந்து விளக்குப் போட்டவர் முகத்தில் விளக்கை அணைத்தார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல வேண்டும் இல்லையா? சொன்னேன். கம்பவுண்டரிடம் போய் என்ன சொன்னேனோ அதை வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை, அந்த வார்த்தை என் வாயில் சரியாக உட்காராது. அதனால் மேஜை மேல் இருந்ததை எடுத்து அவர் கையில் வைத்து, "இதுதான் நல்லா இருக்கு தம்பி. வெள்ளை. இதையே போடச் சொல்லுங்க" என்றேன்.

வயரிங்காரர் வந்ததும் அக்கா மகளுக்குப் போன் போட்டார்கள். அவள் குரல் வெளியே கேட்கிற மாதிரி வைத்தார் எக்ஸ்சேஞ்ச்.

"முன்ரூம்ல சாதாரண சுவிட்ச் போதும்மா. அதை ஃபோன்ல சேக்க வேண்டாம்."

"மாமா, அந்த ஒரு லைட்டைத்தான் நான் பாக்கணும். சாயங்காலம் அது எரிஞ்சா நீங்க நல்லா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். மறந்துட்டீங்கன்னா நானே இங்க இருந்து போட்டுடுவேன்."

"நீ போட்டா என் சுவிட்ச் பொய் சொல்லும்."

"என்ன மாமா சொல்றீங்க?"

சுவிட்ச் தலைகீழாக இருந்ததை அவளிடம் அவர் சொல்லவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து அடக்கிவிட்டார். "நீ பாரு. எவ்வளவு வேணா பாரு. ஆனா தொடாதே" என்றார். பார்க்க மட்டும் விட்டு, போட முடியாமல் பூட்டி வைக்கலாம் என்று வயரிங்காரர் சொன்னார். அந்தப் பெண் அதற்கு ஒத்துக்கொண்டாள். அப்புறம், "மத்த ரூமுக்காவது அந்தக் கண்ணாடி போடட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

"தாராளமாப் போடு. அந்த ரூம்ல எல்லாம் நான் விளக்குப் போடப் போறதே இல்ல."

மறுநாள் வேலை முடிந்தது. வயரிங்காரர் திருகாணியை முடுக்கிவிட்டு, என்னைக் கூப்பிட்டு, அவரையும் கூப்பிட்டு, கீழே அமுக்கச் சொன்னார். அவர் அமுக்கினார். "எரியுது" என்று நானும் வயரிங்காரரும் சேர்ந்தாற்போலச் சொன்னோம். பத்துத் தடவையாவது போட்டு அணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. கம்பவுண்டர் வீட்டுக்கும் தையல்காரர் வீட்டுக்கும் நானே நடந்து போய், நான் சொன்னது தப்பு, நடந்தது இது என்று சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. எல்லோரும் வந்தோம். ஒரே சிரிப்பு. "நாங்க தூங்கினப்புறம் விளக்குப் போட்டு எங்களுக்கு வா வான்னு சொல்லியிருக்கீங்களே" என்று தையல்காரர் கிண்டல் பண்ணினார். எக்ஸ்சேஞ்சும் சிரித்தார். யாருக்கு எந்த நாற்காலி என்பதுகூட அவருக்கு மறக்கவில்லை. மறுநாள் தையல்காரரும் நானும். மூணாம் நாள் நான் மட்டும்.

கெட்டவர்கள் இல்லை அவர்கள். எட்டு மாதத்தில் அந்தச் சாயங்கால நேரத்துக்கு வேறு வேலை வந்து உட்கார்ந்துவிட்டது. கம்பவுண்டருக்கு டிவி சீரியல். தையல்காரர் சாயங்காலமும் மெஷினில் உட்காரப் பழகிவிட்டார். எனக்கும் முழங்கால் வலி, தினமும் தெருவைத் தாண்ட முடிகிறதில்லை. ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நாற்காலியில் அவர் தலை தெரியும். எட்டு மாதம் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவர் தெரியவில்லை. இப்போது பளிச்சென்று தெரிகிறார், அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் போயிருந்தபோது அவராகவே சொன்னார்: "சுவிட்ச் தலைகீழா இருந்துச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு அண்ணி. அட, இதனாலதானா யாரும் வரலன்னு. இப்போ சுவிட்ச் சரியா இருக்கு."

அதற்கு அடுத்த வாரத்தில் இருந்து அவர் ஒரு காரியம் பண்ண ஆரம்பித்தார். விளக்கை எரியவிட்டு, கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு அவரே புறப்பட்டார். இத்தனை வருஷத்தில் அவர் யார் வீட்டுக்கும் போனவர் இல்லை. நாங்கள்தான் போவோம். நாம் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் என்ன பார்ப்போம்? வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்போம். இருட்டாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடுவோம். அவருக்கு அது கிடையாதே. எல்லா வீட்டுக் கதவையும் ஒரே மாதிரி தட்டினார். தையல்காரர் கடன் கொடுத்தவனுக்குப் பயந்து விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கும் தட்டி, உள்ளே போய், அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார்.

கம்பவுண்டர் வீட்டில் கதவு திறக்கவில்லை. அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ரெண்டு தட்டுத் தட்டினேன் அண்ணி. உள்ள டிவி சத்தம் கேட்டுச்சு. மூணாவது தட்டுக்குச் சத்தம் மெதுவா குறைஞ்சு நின்னுபோச்சு. ஆள் இல்லாத வீட்டுல டிவி தன்னால அணையுது. அவர் வீட்டுலயும் ஆட்டோமேஷன் போட்டுட்டாங்க போல." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கம்பவுண்டரிடம் ஒரு மாதம் பேசவில்லை.

போன வாரம் ஒரு நாள். என் மகனும் மருமகளும் வேலையில் இருந்து வரவில்லை. எனக்கு அன்றைக்கு யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆகியும் ஒரு விளக்கும் போடாமல், முன்கூடத்தில் சோபாவில் படுத்துக் கிடந்தேன். தடிச் சத்தம் தெருவைத் தாண்டி வந்தது. கதவு தட்டுகிற சத்தம். நான் மூச்சுக் காட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஜன்னல் இருட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

"அண்ணி" என்றார்.

நான் பேசவில்லை.

"உள்ளதான் இருக்கீங்க. மூச்சு கேக்குது."

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். விளக்கைப் போடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து சோபாவில் உட்காரவைத்தேன். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. சிலிண்டர் போடுகிறவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்த விஷயத்தைச் சொன்னார். அக்கா மகள் இந்த வாரம் ரெண்டு தடவை போன் பண்ணினதைச் சொன்னார். அவள் விளக்கைப் பார்க்கிறாளாம், ஆறு மணி அஞ்சு நிமிஷம் ஆகியும் எரியாவிட்டால் உடனே போன் வருகிறதாம். "நேத்து வேணும்னே பத்து நிமிஷம் லேட்டாப் போட்டேன்" என்றார்.

சொல்லிவிட்டுத் தலையை வாசல் பக்கம் திருப்பினார்.

"அண்ணி, ஜன்னல் பக்கம் போய்ப் பாத்துச் சொல்லுங்களேன். எங்க வீட்டு வாசல்ல யாராவது நிக்கிறாங்களா? நான் இங்க வந்துட்டேன், யாராவது வந்து நின்னுட்டு இருந்தாங்கன்னா பாவம்."

எழுந்து போய்ப் பார்த்தேன். எதிரே முன்ரூம் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கேட் சாத்தியது சாத்தியபடி இருந்தது. தெருவில் அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடி வரை ஒரு ஆள் இல்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. இவரிடம் எட்டு மாதம் ஒரு சுவிட்ச் பொய் சொன்னது போதும் என்று தோன்றியது.

"யாரும் இல்ல தம்பி" என்றேன்.

"அப்படியா" என்றார். தடியைக் காலடியில் கிடத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்போ இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்."